பிரேத அறையில் கேட்ட மூச்சு

ஆஸ்பத்திரிக் கிளார்க் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது, பிணம் அறுக்கும் இடத்தில் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஐம்பதுகளின் பிற்பகுதி. மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கமாக ஏறும் பாதையில் இருந்த சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி அது. உக்குவளையில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து காலை ரயிலில் மாத்தளைக்கு வந்து, அங்கே பஸ் பிடித்துப் போவேன். நோயாளர் பதிவும் கடிதப் போக்குவரத்தும்தான் என் வேலை என்று நினைத்திருந்தேன். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அப்போதிருந்த வயதான டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் எழுதத் தெரிந்தவர் இங்கே நீங்கள் ஒருவர்தான். பிரேத பரிசோதனைக்கு நீங்களும் வர வேண்டும். நான் சொல்லச் சொல்ல எழுதினால் போதும்."

பிரேத அறை ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சாதிக்காய் மரங்களுக்கு நடுவில் தனியாக நின்றது. ஒரே ஒரு அறை. நடுவில் சீமெந்து மேடை, அதன் கால்மாட்டில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால். உயரத்தில் இரண்டு சின்ன ஜன்னல்கள். அவற்றுக்குக் கம்பி வலை அடித்திருந்தார்கள். ஜன்னல் கதவுகள் பல வருட பெயின்டில் ஒட்டிப்போய் ஒரு விரல் இடைவெளிக்கு மேல் திறக்காது. மழைக்காலத்தில் பனிமூட்டம் வலை வழியாக உள்ளே வந்து மேடைக்கு மேலே நிற்கும். வெளியே போகாது. அந்த அறைக்குள் வந்த எதுவும் சுலபத்தில் வெளியே போகாது என்று எனக்குத் தோன்றும்.

அங்கே வேலை பார்த்தவர் மலைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இறங்கி வந்த ஒரு தமிழர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பேச்சு குறைவு. சடலத்தை மேடையில் கிடத்துவதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்வார். துணியொன்றை வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, இறந்தவரின் வாயையும் மூக்கையும் மூடிக் கட்டுவார். அதற்குப் பிறகுதான் தூக்குவார், புரட்டுவார். தன் முகத்துக்கும் இன்னொரு துணி. நர்ஸ்மார் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பேய் ஏறாமல் இருக்கக் கட்டுகிறார் என்பது அவர்கள் முடிவு. வயதான டாக்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

என் முதல் பரிசோதனை, மிளகு பறிக்கப் போய் மரத்திலிருந்து விழுந்த ஒருவருடையது. முதுகைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அவரை ஒருக்களித்துத் திருப்பினார்கள். அப்போது ஒரு சத்தம் வந்தது. நித்திரையில் புரண்டு படுக்கும் மனிதன் முனகுவது போல, நீளமாக, துணிக்குள்ளிருந்து. என் கையிலிருந்த பேனை விழுந்து வாய்க்காலில் ஓடியது. நான் வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது.

"நெஞ்சுக்குள் தங்கிய காற்று" என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

அந்தத் தொழிலாளி பேனையை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து கொடுத்தார். "அவருக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்திச்சிங்க, கிளாக்கரய்யா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து, பரிசோதனை உள்ள நாள்களில் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். எங்கள் முஸ்லிம் சமூகத்தில் மையத்தை, இறந்தவர் உடலை, அறுப்பதை யாரும் விரும்புவதில்லை. நான் எழுத மட்டும்தான் செய்கிறேன் என்று என் மனைவிக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவள் துவாயை நீட்டுவாள்.

இரண்டு வருடம் கழித்து அந்த டாக்டர் மாற்றலாகிப் போனார். கரையோரப் பக்கத்துச் சிங்களவரான ஓர் இளம் டாக்டர் வந்தார். நல்ல மனிதர், வேலையில் கெட்டிக்காரர். வந்த மாதமே நோயாளர்களிடம் பேசுவதற்காக என்னிடம் தமிழ் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில், பொலீசார் ஒரு பெண்ணின் சடலத்தைத் தோட்ட லொறியில் கொண்டு வந்தார்கள். அதே லொறியில் அவள் கணவனும் வந்தான், கையில் விலங்கோடு. இன்னொரு தோட்டத்தில் வேலை செய்யும் அவளுடைய அண்ணன் பின்னால் பஸ்ஸில் வந்து சேர்ந்தான்.

நடந்ததைப் பொலீஸ் சார்ஜன்ட் சொன்னார். முதல் நாள் விடியற்காலை, பெண்கள் தண்ணீர் பிடிக்கப் போனபோது, தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்துக் கல்லில் அவள் குப்புற விழுந்து கிடந்தாள். வாயிலும் மூக்கிலும் இரத்தம், சேலையெல்லாம் இரத்தம். அவர்கள் ஓடிப்போய்ச் சொன்னபோது, கணவன் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் பாயையும் தலையணையையும் போட்டு எரித்துக்கொண்டிருந்தான். எரிந்த துணிகளிலும் இரத்தக் கறை. "அவனே மருந்து வச்சிக் கொன்னுட்டு, அடையாளத்த எரிச்சிட்டான்" என்று அண்ணன் முறைப்பாடு கொடுத்திருந்தான். கணவனிடம் எது கேட்டாலும் பதில் இல்லை.

வராந்தாவில் அவனைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். மடியில் நான்கைந்து வயதுப் பெண்குழந்தை. அவன் விலங்கிட்ட கைகளுக்கு நடுவே அது தலையை நுழைத்து உட்கார்ந்திருந்தது. வேறு யாரிடமும் அவன் அதைக் கொடுக்கவில்லையாம்.

அன்று வெளிச்சமே இல்லை. ஜன்னல் வலைகளை மூடிக்கொண்டு பனி நின்றது. டாக்டர் என்னிடம் டோர்ச் லைட்டைக் கொடுத்து மேடைக்குப் பக்கத்தில் வரச் சொன்னார். அதுவரை நான் வாசலோரத்தில்தான் உட்காருவேன். அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மெழுகு போன்ற வெண்மை. வழக்கம்போல வாயை மூடி ஈரத்துணி.

"இதை எடுங்கள்" என்றார் டாக்டர்.

தொழிலாளி அசையவில்லை. "வேணாங்க, டாக்டரய்யா."

"நஞ்சு குடித்தாளா என்று பார்க்க வேண்டும். வாயை முகர்ந்து பார்க்காமல் எப்படித் தெரியும்?" டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"முடிஞ்சப்புறம் பாருங்க. மொதல்லயே தொறக்காதீங்க."

டாக்டருக்குக் கோபம் வந்தது. மூடநம்பிக்கையைப் பார்த்தால் அவருக்குக் கோபம் வரும். அவரே முடிச்சை அவிழ்த்துத் துணியை எடுத்து வாளியில் போட்டார். தொழிலாளி இரண்டு எட்டுப் பின்னால் போய் வாசற்படியில் நின்றுகொண்டார்.

டாக்டர் குனிந்து தன் முகத்தை அவள் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பூச்சிமருந்து நெடி ஏதும் இருக்கிறதா என்று அறிய இரண்டு கைகளாலும் அவள் நெஞ்சை அழுத்தினார். நான் மறுபக்கத்தில் டோர்ச்சைப் பிடித்தபடி குனிந்திருந்தேன்.

அவள் மூச்சு விட்டாள்.

வேறு எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. முனகல் இல்லை. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டுக் கூடையை இறக்கி வைப்பவள் விடுகிற பெருமூச்சு அது. முடியும்போது தொண்டையில் சின்னதாக ஒரு கரகரப்பு. டோர்ச் வெளிச்சத்தில், அவள் உதட்டிலிருந்து பொடித்துளிகள் பறந்ததை நான் பார்த்தேன். குளிர்ந்த, இரும்பு மணக்கும் காற்று என் முகத்தில் பட்டது. உதட்டை நக்கிவிட்டேன், என்னையறியாமல்.

"நஞ்சு நெடி இல்லை. எழுதுங்கள்" என்றார் டாக்டர்.

நெஞ்சைத் திறந்ததும் அவர் சொல்வதை நிறுத்திக்கொண்டார். நான் பேனையோடு காத்திருந்தேன். பிறகு, மெதுவாக, இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். நுரையீரல்கள் விலா எலும்போடு ஒட்டிப்போயிருந்தன. வலது பக்கத்தின் மேற்பகுதியில் ஒரு கோழிமுட்டை போகும் அளவுக்குக் குழி. அதற்குள் ஓடிய இரத்தக் குழாய் ஒன்று வெடித்திருந்தது. காற்றுக்குழாய் முழுக்க இரத்தம். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் ஓர் இருமல் வந்திருக்கிறது. அவ்வளவுதான். சொந்த இரத்தத்திலேயே மூழ்கிப் போயிருக்கிறாள்.

"சயரோகம், காசநோய்" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "அதைத் திறங்கள்."

"தொறக்காதுங்க" என்றார் வாசலில் நின்றவர்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். அதன் ஒரு விரல் கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அந்த ஆஸ்பத்திரிக்கு அது ஒரு சோடிதான் இருந்தது. முகக்கவசம் என்ற பொருளை அந்த அறையில் நான் கண்டதே இல்லை. தொழிலாளியின் முகத்திலிருந்த பழைய துணியை டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவனிடம் பேச அவர் என்னையும் அழைத்துப் போனார். விலங்கைக் கழற்றச் சொன்னார். "உங்கள் மனைவிக்கு நெஞ்சு வருத்தம் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று நான் தமிழில் கேட்டேன்.

"தெரியுங்க."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மழைக்காலமாங்க."

"அப்ப ஏன் பொலீசுக்குச் சொல்லல்ல? கொலைன்னு புடிச்சிட்டு வந்திருக்காங்க. தூக்குல போட்டிருப்பாங்களே?"

அவன் குழந்தையின் தலையைத் தடவினான். "அவ சத்தியம் வாங்கிட்டாங்க, ஐயா. வெளிய தெரிஞ்சா செக்ரோல் வேலப் பதிவுல பேர வெட்டிருவாங்க, குடியிருக்கிற காம்பராவ விட்டு எறக்கிருவாங்க, பீலியில தண்ணி புடிக்க விடமாட்டாங்கன்னு சொன்னா. புள்ளய ஒருத்தரும் தொடமாட்டாங்கன்னு அழுதா. அதனாலதான் யாரும் எந்திரிக்க முன்னாடி தண்ணிக்குப் போவா. இருமுறது கேக்கக்கூடாதுன்னு வாயில துணிய வச்சி அமுக்கிக்குவா. அன்னைக்கு ராத்திரி பாயி தலகாணியெல்லாம் ரத்தமாயிருச்சி, எரிச்சிருங்கன்னு சொல்லிட்டுத்தான் தண்ணிக்குப் போனா. அதோட அந்தத் துணியையுந்தான் எரிச்சேன்."

"உயிர விட அந்த ரகசியம் பெரிசா?"

"நான் ஜெயிலுக்குப் போனா என்னைக்காவது திரும்பி வருவேன். இந்தப் பேரு வந்தா போகாதுங்களே."

பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன், மழைக்குள் இறங்கிப் பாதையைப் பார்த்து நடந்தான். சடலத்தோடு லொறியில் அவன் ஏறவில்லை.

மரண அறிக்கையில் டாக்டர் உள்ளதைத்தான் எழுதினார். வேறு வழி இல்லை. தமிழில் விளக்கம் எழுதியது நான். அன்று மாலையே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டதாம்.

மாதங்கள் போயின. தை பிறந்து மழை விட்ட பிறகு டாக்டர் அடிக்கடி தொண்டையைச் செருமத் தொடங்கினார். பனிக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார். எனக்கு மாலையானால் மெல்லிய காய்ச்சல் வந்தது. ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்கை சுடும். சட்டை தளர்ந்தது. மாலை அஸர் தொழுகையில், தரையில் நெற்றி வைத்த ஸுஜூதிலிருந்து எழும்போது, நான் விட்ட மூச்சின் கடைசியில் ஒரு கரகரப்பு கேட்டது. அந்தப் பெண்ணின் தொண்டையில் கேட்டது போலவே இருந்தது. பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் கேட்டதோ என்று நான் நடுங்கிப்போனேன்.

அதற்குப் பிறகு என் மூச்சை நானே கவனிக்க ஆரம்பித்தேன். அலுவலகத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போது எழுத்தை நிறுத்திவிட்டுக் கேட்பேன். சில சமயம் என் மூச்சு என்னுடையதாகத் தெரியாது. எனக்குள் வேறு யாரோ சாவகாசமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும்.

யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கணவனிடம் "உயிர விட பெரிசா?" என்று கேட்ட நான்தான், அப்படியே வாயை மூடிக்கொண்டேன். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவளைத் தூக்குவதை நிறுத்தினேன். என் கோப்பையையும் பீங்கான் தட்டையும் தனியாக எடுத்துவைத்து நானே கழுவினேன். கிணற்றடியில் நின்று வெந்நீர் ஊற்றிக் கழுவிய ஒரு பின்னேரம், மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க. ஏன் கோப்பைய வேற வெக்கிறீங்க?"

"ஒன்னுமில்ல."

"புள்ள ஒங்களப் பாத்துக் கைய நீட்டுது, நீங்க சுவரோட ஒட்டிப் போறீங்க. நான் என்னத்தயாவது செஞ்சிட்டேனா?"

"இல்ல."

அவள் கிட்ட வந்து என் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். சட்டைக்கு மேலாலேயே சூடு தெரிந்திருக்கும். கையை எடுக்கவில்லை. "மூச்ச இழுங்க" என்றாள். இழுத்தேன். இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வெந்நீர்ச் சட்டிக்குப் பக்கத்துச் சீமெந்தில் ஒரு சொட்டுச் சிவப்பு விழுந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சிதான் இரிக்கு, என்ன?" என்றாள். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. "எனக்கிட்ட மறச்சா நான் புள்ளய எப்படிப் பாத்துக்குவேன்? நாளைக்கே டாக்டருக்கிட்டச் சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் வந்து சொல்லுவேன்."

மறுநாள் டாக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து தன் கைக்குட்டையை எடுத்துக் காட்டினார். அதிலும் அதே நிறம்.

"இருவரும் சேர்ந்தே கண்டிக்குப் போய்ப் படம் எடுப்போம்" என்றார்.

எக்ஸ்ரே படத்தில் எனக்கு வலது பக்கம் ஒரு நிழல். அவருக்கு இரண்டு பக்கமும். அதோடு தொண்டையிலும் நோய் இறங்கியிருந்தது. வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் ஒன்றும் இல்லை. அதைக் கேட்டபோதுதான் எனக்கு உடம்பு உடம்பாக இருந்தது.

காச ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்கு முன்னால் டாக்டர் அந்தத் தொழிலாளியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவரையும் படம் எடுக்க வைத்திருந்தார்கள். அவர் நெஞ்சு சுத்தமாக இருந்தது. நாற்காலி காட்டியும் அவர் உட்காரவில்லை.

"அந்தத் துணி கட்டும் பழக்கத்தை உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?" டாக்டருக்கு அப்போதே குரல் போய்விட்டது. வெறும் காற்றாகத்தான் வந்தது. நான்தான் உரத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"யாரும் சொல்லித் தரலைங்க. எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவரு இருமி இருமித்தான் செத்தாரு. அவருக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான்னு அவரே சொன்னாரு. பொணத்தப் பொரட்டுறப்ப வருமே ஒரு மூச்சு, அது தொணைக்கு ஆளத் தேடுதுன்னு நெனச்சேன். வாயக் கட்டிட்டா தேடாதுல்ல?"

"இதை ஏன் முன்பு இருந்த டாக்டரிடம் சொல்லவில்லை?"

"யாரும் எங்கிட்டக் கேக்கலைங்களே, ஐயா."

டாக்டர் தலை குனிந்தார். அன்றே மேலிடத்துக்கு ஒரு கடிதம் சொன்னார், நான் எழுதினேன். ஜன்னல் வேண்டும், கையுறை வேண்டும், முகக்கவசம் வேண்டும், மேடைக்குக் கொண்டுவரும் முன் வாயையும் மூக்கையும் ஈரத்துணியால் மூட வேண்டும் என்று. கடைசி வரியைச் சொல்லும்போது தொழிலாளியைப் பார்த்தார். கையெழுத்துப் போட்ட பிறகு என்னிடம் சொன்னார்: "அந்தப் பெண்ணிடமிருந்துதான் வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. வார்டில் எத்தனை பேர் இருமுகிறார்கள்? ஆனால் அன்றைக்கு நான் முகத்தைக் கொண்டுபோய் வைத்தேனே. அது மறக்கவில்லை."

ஜன்னல் மட்டும் வந்தது, ஒன்றரை வருடம் கழித்து.

டாக்டர் பிழைத்துக்கொண்டார். ஆனால் குரல் திரும்பவில்லை. பல வருடத்துக்குப் பிறகு மாத்தளை பஸ் ஸ்டாண்டில் பின்னாலிருந்து யாரோ என் காதோடு மூச்சு விட்டது போலிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரும்பினால் அவர், சிரித்துக்கொண்டு. என் பேரைத்தான் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

எனக்கு நான்கு மாதம் காச ஆஸ்பத்திரி. பிறகு ஒரு வருடத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஊசியும் மருந்தும். நான் வேலை பார்த்த இடத்தில் நோயாளியாக வரிசையில் உட்கார்ந்தேன். என்னோடு தேநீர் குடித்தவர்கள் கதவோரத்தில் நின்று சுகம் விசாரித்தார்கள்.

நோயாளர் காத்திருக்கும் அந்த வாங்கில்தான் அந்தக் கணவனையும் குழந்தையையும் மறுபடி பார்த்தேன். காச ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்கு முன் டாக்டர் தோட்டத்துக்கு ஆள் அனுப்பி அவர்களைப் பரிசோதிக்கச் சொல்லியிருந்தார். தகப்பனுக்கு ஒன்றுமில்லை. குழந்தைக்குக் கழுத்தில் கட்டி, நெஞ்சிலும் தொட்டிருந்தது. ஊசி நாள்களில் அவன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான், பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காராததால் பாதித் தூரம் நடந்து. அவன் மனைவி பயந்தபடிதான் எல்லாம் நடந்திருந்தது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் வேறு லயத்துக்குப் போய்விட்டார்கள். செக்ரோலில் பேரை மட்டும் வெட்டவில்லை.

எனக்கும் அந்தக் குழந்தைக்கும் ஒரே மருந்து. அதை வாயில் போட்டால் குடலைப் புரட்டும். "ஒங்களுக்கும் கசக்குமா?" என்று ஒரு நாள் குழந்தை என்னிடம் கேட்டது. "கசக்கும்" என்றேன். "அப்ப நீங்க மொதல்ல குடிங்க" என்றது. குடித்தேன். தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

குழந்தைக்குக் குணமாகி, நானும் வேலைக்குத் திரும்பியிருந்த சமயம், அவன் தோட்டப் பள்ளிக்கூடத்தின் படிவம் ஒன்றை என் மேசையில் வைத்தான். இவ்வளவு காலம் பிள்ளையைச் சேர்க்காததற்குக் காரணம் எழுதி ஆஸ்பத்திரி முத்திரை வேண்டுமாம்.

"என்ன நோயின்னு எழுதாதீங்க, ஐயா" என்றான். "புதுசா வந்த வாத்தியாரு. அவருக்கு எங்களத் தெரியாது."

நான் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். அவன் மனைவியின் அறிக்கையில் எழுதியதும் இதே கைதான். வாசலில் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கவில்லை. கவனித்துப் பார்த்தேன். கொஞ்சமும் வாங்கவில்லை.

"காய்ச்சல், முற்றாகக் குணமடைந்துள்ளார்" என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.